என்ன கீறப் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை

ஏணியை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். ரிஸ்னா மேலே நின்றாள்.

மூதூர் பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால், நல்ல வெயில். அலுமினிய ஏணி கையைச் சுட்டது. மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் ஒரு பெரிய பதாகை இழுத்துக் கட்டியிருந்தது. அதன் நைலோன் கயிற்றை ரிஸ்னா மீன் வெட்டும் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஏணி ஆடியது. நான் காலைக் குறுக்கே கொடுத்து முண்டுகொடுத்தேன்.

பஸ்ஸுக்கு நின்ற சனம் எங்களைச் சுற்றிக் கூடிவிட்டது. கையில் மரக்கறிப் பை வைத்திருந்த ஒருவர் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"என்ன பிள்ளையள், பிரதேச சபையில இருந்தோ வந்திருக்கிறீங்கள்?"

"இல்ல," என்றாள் ரிஸ்னா மேலிருந்து. "பனர்ல இருக்கிற ஆக்கள்."

அவர் பதாகையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி பதாகையைப் பார்த்தார்.

உண்மைதான். அதில் இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று அவளுடையது, மற்றது என்னுடையது. எங்களுக்குப் பின்னால் நீலக் கடலில் நாங்கள் வாழ்க்கையில் கண்டிராத ஒரு வெள்ளைக் கப்பல். கீழே கொட்டை எழுத்தில்: "கப்பல், படகு வடிவமைப்பாளர்களாக இன்று பணிபுரியும் எமது மாணவிகள்! நீங்களும் இணையுங்கள்!"

அன்றைக்கு ரிஸ்னாவுக்கு எந்த வேலையும் இல்லை. நான் ஒரு படகு கட்டும் இடத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வடிவமைப்பாளர் வேலைக்குக் கேட்டு, சோதித்துப் பார்க்கப்பட்டு, ஏலாது என்று திருப்பி அனுப்பப்பட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

இந்தப் பக்கத்தில் இதுவரை சிரித்த கதைகளையும் அழுத கதைகளையும் எழுதியிருக்கிறேன். இந்தக் கிழமை கோபக் கதை. ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று சில வருடம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை.

ரெசின் மணத்துக்குள் ஒரு வாய்ப்பு

சீனன்குடாப் பக்கம் பைபர் படகு கட்டும் அந்த இடத்தில் எனக்கு யன்னலோர மேசை. யன்னலைத் திறந்தால் படகு ஊற்றும் ரெசின் பசையின் மணம், மூடினால் வெக்கை. திறந்துதான் வைத்திருப்பேன். வீட்டுக்குப் போனால் தலைமயிரில் அந்த மணம் இருக்கும். குளித்துவிட்டு வந்தால்தான் அம்மா குசினிக்குள் விடுவார்.

படகின் உடலைப் பொடியன்கள் அச்சில் ஊற்றிச் செய்வார்கள். ஆனால் இயந்திரம் இருக்கும் தாங்கி, கயிறு கட்டும் கொழுக்கி போன்ற உலோகச் சாமான்களைக் கடதாசியில் படமாகக் கீறிக் கந்தளாய்க்கு அனுப்புவோம். அங்கே சுனில் என்பவரின் பட்டறை. அவர் தகடு வெட்டுவதற்குக் கணினியில் ஓடும் மெஷின் ஒன்று வாங்கினார். வாங்கிய பிறகு எங்கள் கடதாசியைத் தொட மாட்டேன் என்றுவிட்டார்.

"கொம்பியூட்டர்ல கீறி அனுப்புங்க," என்றார் தொலைபேசியில், அவருக்குத் தெரிந்த தமிழில். "பேப்பர் வேணாம். பேப்பர் மெஷினுக்குத் தெரியாது."

எங்கள் முதலாளி அன்ரன், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "கொம்பியூட்டர்ல கீறத் தெரிஞ்ச ஒராள் வேணும். வெளியில தேட முதல் உங்களுக்க ஆரும் பழகினா, அந்த இடம் அவைக்குத்தான்."

எல்லாரும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். நான் எழும்பினேன்.

"நான் பழகிறன்."

"நீயோ ஜெசிந்தா?" அவர் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பை அடக்கினார் என்று எனக்குத் தெரிந்தது. "சரி. பழகு."

பழகுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எதைப் பழகுவது?

கணினியில் கீறுவதற்கு ஒரு மென்பொருள்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கைபேசியில் தேடினால் பெயர்கள் மழைபோலக் கொட்டின. ஒவ்வொரு வீடியோவிலும் ஒருவர் தன்னுடையதுதான் சிறந்தது என்றார். கட்டாரில் இருக்கும் மச்சானிடம் கேட்டேன், ஓட்டோகாட் என்றான். பேராதனையில் பொறியியல் படித்த சிநேகிதியிடம் கேட்டேன், சொலிட்வேர்க்ஸ் என்றாள். வீடுகளுக்கு முகப்புப் படம் செய்யும் ஒருவரிடம் கேட்டேன், ஸ்கெச்சப் போதும், ஒரு கிழமையில் பிடிபட்டுவிடும் என்றார்.

எல்லாரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். பிறகுதான் விளங்கியது. அவரவர் எதைப் படித்தார்களோ அதைச் சொல்லியிருக்கிறார்கள். நான் எதைச் செய்யப் போகிறேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேக்கும் கோணமானியும்

இது எனக்குப் புதிய அனுபவம் அல்ல.

நான் படித்தது கலவன் பாடசாலை. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பாடம் தெரிவு செய்யவேண்டும். தொழில்நுட்பப் பாடத்தில் படம் கீறுவார்கள். ஒரே மரக்கட்டையை முன்னால் இருந்து, மேலே இருந்து, பக்கத்தில் இருந்து. அடிமட்டமும் கோணமானியும் வைத்துச் சுத்தமாகக் கீறிய அந்தத் தாள்களை யன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பேன். ஒரு பொருளை மூன்று பக்கத்தால் பார்த்தால் அது ஒளிய இடமே இல்லை என்று அப்போது தோன்றும்.

எனக்கும் அந்தப் பாடம் வேண்டும் என்றேன்.

பொறுப்பாசிரியை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது பொடியன்மாருக்கு. உனக்கு மனையியல் போட்டிருக்கு."

"எனக்குக் கீற விருப்பம் ரீச்சர்."

"கேக்குக்கு ஐசிங் கீறு."

வகுப்பே சிரித்தது. நான் இரண்டு வருடம் கேக் அடித்தேன். என் கேக் ஒருநாளும் பொங்கியதில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு திருப்தி உண்டு.

புடவைக்கடைக்கு மேலே

திருகோணமலை நகரில் ஒரு புடவைக்கடையின் மேல் மாடியில் இருந்தது அந்தக் கணினிப் பயிற்சி நிலையம். பெயரை எழுதப் போவதில்லை. செருப்பைப் படிக்கட்டில் கழற்ற வேண்டும். உள்ளே குளிரூட்டி. வெயிலில் இருந்து போனால் அந்தக் குளிரே பாதி நம்பிக்கையைக் கொடுத்துவிடும்.

ரிஸ்னாவை அங்கேதான் முதலில் கண்டேன், அந்தச் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில். மூதூரில் இருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். நெல்லு மில்லில் வேலைசெய்யும் அவளுடைய வாப்பாதான், போய்ப் படி என்று அனுப்பியிருந்தார்.

"எங்கட ஊர்ல எல்லாரும் வீடு கட்டுறாங்க," என்றாள் என்னிடம். "ப்ளான் கீற மட்டும் டவுணுக்கு ஓடுறாங்க. அத நான் கீறினா என்ன?"

எவ்வளவு தெளிவான ஆசை. அவளுக்குப் பிரதேச சபையில் அனுமதிக்குக் கொடுக்கும் வீட்டு வரைபடம். எனக்குப் படகின் உலோகச் சாமான். இரண்டும் வேறு வேறு வேலை. வாயிலில் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும்.

முகாமையாளர் கழுத்தில் ரை கட்டியிருந்தார். எங்கள் இருவரையும் ஒன்றாகவே இருத்திக் கதைத்தார்.

"தங்கச்சிமாருக்கு இன்டீரியர் டிசைன்தான் நல்லம். வீட்டில இருந்தே செய்யலாம். கலியாணம் முடிச்சாலும் விடத் தேவையில்ல."

"எனக்குப் படகுச் சாமான் கீற வேணும் சேர்," என்றேன். "இரும்புத் தகட்டில வெட்டிறது."

"படகோ!" அவர் சிரித்தார். "எல்லாம் ஒண்டுதான் தங்கச்சி. சைக்கிள் ஓடப் பழகினா எந்தச் சைக்கிளும் ஓடலாம்."

"எனக்கு வீட்டு ப்ளான், சேர்," என்றாள் ரிஸ்னா.

"அதுதானே இன்டீரியர். வீட்டுக்க இருக்கிறதுதானே."

எங்களுக்கு அந்தத் துறை தெரியாது. தெரியாததால்தான் படிக்க வந்தோம். தெரியாதவர் முன்னால் தெரிந்தவர் நம்பிக்கையோடு சிரித்தால், அதை மறுத்து எந்தத் துணிவில் கதைப்பது? கட்டணத்தைக் கட்டினோம். முதல் நாளே ஒரு பொடியன் கமராவோடு வந்து எங்களைப் படம் எடுத்தான். பதிவுக்கு என்றார்கள்.

அதன் பிறகு மாதக்கணக்கில் ஒரே வீட்டைக் கீறினோம். மூன்று அறை, ஒரு மண்டபம். அச்சடித்த தாளைப் பார்த்து அப்படியே. பிறகு அந்த மண்டபத்துக்குள் சோபா வைத்தோம். சோபாவைத் திருப்பி வைத்தோம். யன்னலுக்குத் திரை போட்டோம், திரையின் நிறத்தை மாற்றினோம். நான் வேலை முடிந்து ரெசின் மணத்தோடு ஓடிப்போய் இருந்து, யாருக்கும் சொந்தமில்லாத வீட்டில் பூச்சாடி வைத்துக்கொண்டிருந்தேன்.

படிப்பித்தவர் ஒரு இளம் ஆசிரியர். ஒருநாள் துணிந்து கேட்டேன்: "சேர், ஒரு தகட்டுக்கு ஓட்டை போட்டு, மடிச்சு, அதை மூண்டு பக்கத்தாலயும் காட்டுறது எப்பிடி?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அது சிலபஸ்ல இல்ல அக்கா."

ரிஸ்னா தன் பங்குக்கு, "சேர், மலசலகூடக் குழி எங்க கீறுறது? சபையில அது கேப்பாங்களே?" என்று கேட்டாள்.

அதுவும் சிலபஸில் இல்லை.

தாங்கி

பாடநெறி முடிந்தது. முதலாளி அன்ரன் என்னைக் கூப்பிட்டு, பழைய இயந்திரத் தாங்கி ஒன்றை மேசையில் டொங்கென்று வைத்தார்.

"இதைக் கீறு. ரெண்டு நாள் தாறன். சுனிலுக்கு அனுப்புவம்."

என் கையில் இருந்தது வீட்டுப் படம் கீறப் படித்த கோடுகள். அதை வைத்தே தாங்கியை அளந்து அளந்து கீறினேன். முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிப் படமாக. மினுங்கியது. எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் சுனில் தொலைபேசி எடுத்தார். அந்தத் தடிப்பில் தகடு இல்லை, இன்னும் கொஞ்சம் தடிப்பான தகடுதான் இருக்கிறது, மாற்றி அனுப்புங்கள் என்றார்.

தடிப்பு மாறினால் மடிப்பு மாறும். மடிப்பு மாறினால் ஓட்டையின் இடம் மாறும். மூன்று படத்திலும் ஒவ்வொரு கோடாக அழித்துக் கீறவேண்டும். கீறினேன். ஒரு படத்தில் ஒரு ஓட்டை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. மெஷின் அதைத்தான் வெட்டியது.

வெட்டிய தகடு வந்தது. ஆணி இறங்கவில்லை. படகு கரையில் காத்துக்கொண்டிருந்தது, அதன் சொந்தக்காரர் சல்லிக் கிராமத்தில் இருந்து வந்து வெயிலில் நின்றார்.

"இவ்வளவு நாளும் என்னத்தைப் படிச்சனி?" என்றார் முதலாளி. எல்லாருக்கும் முன்னால்.

என்னத்தைப் படித்தேன்? சோபா வைக்கப் படித்தேன்.

அந்தக் கிழமையே கொழும்பில் இருந்து ஒரு பட்டதாரிப் பொடியன் வந்தான். பெயர் ருவன். நல்ல பிள்ளை, அவனில் எனக்குக் கோபமில்லை. அதே தாங்கியை அவன் கணினியில் முழுப் பொருளாகச் செய்தான். தடிப்புக்கு ஒரு எண். அந்த எண்ணை மாற்றினான். மடிப்பும் ஓட்டையும் மூன்று பக்கப் படமும் எல்லாம் தாங்களாகவே மாறின.

நான் பின்னால் நின்று பார்த்தேன். எனக்குக் காது சூடாகியது. அழுகை என்று நினைத்தார்கள் போல, சமையற்கார அக்கா தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அது அழுகை இல்லை. ஒரு எண்ணை மாற்றினால் எல்லாம் மாறும் வகை ஒன்று உலகத்தில் இருக்கிறது. எனக்குத் தேவை அந்த வகைதான். அதைச் சொல்லவேண்டிய மனிதன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரைச்சீலைக்கு அனுப்பியிருக்கிறான். அதுதான் காதைச் சுட்டது.

மறுபடியும் ஏணிக்கு

இந்த நிலையில்தான் ரிஸ்னாவின் அழைப்பு வந்தது. எடுத்தவுடன் கத்தினாள்.

"ஜெசி, நீ இப்ப கப்பல் செய்றியா?"

"என்ன கதை இது?"

"நானும் செய்றனாம். பஸ்ஸ்டாண்டில தொங்குறம். எங்கட மச்சான்ட கடைக்கு வாற எல்லாரும் கேக்கிறாங்க, ரிஸ்னா எந்தக் கப்பல்ல வேலை, நாலு பேருக்கு இடம் இருக்குமா எண்டு."

அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மூதூருக்குப் போனேன். ரிஸ்னாவின் வீட்டில் நான் எதிர்பார்த்தது வேறு. மகளின் படத்தைத் தெருவில் தொங்கவிட்டதற்கு வாப்பா வெடிப்பார், இனி வெளியே போகாதே என்பார் என்று பயந்தேன். அவர் வெடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவளிடம் இல்லை.

"படம் போட்டதுக்கு எங்களிட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல, அது ஒண்டு," என்றார். "அதவிட, பொய்யில்லையா எழுதியிருக்காங்க? என்ட புள்ளைக்கு வேலை இல்ல. வேலை இருக்கெண்டு எழுதி வெச்சா, நாளைக்கு அவ வேலை கேட்டுப் போற இடத்தில என்ன சொல்லுவாங்க? நீ கப்பல்காரி, உனக்கு இஞ்ச என்ன வேலையெண்டு கேக்க மாட்டாங்களா?"

நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தோம். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாக ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி எடுத்தோம், ஒருவரும் எடுக்கவில்லை.

வாப்பா எழும்பிப் போய் மில்லில் இருந்து ஏணியைக் கொண்டுவந்தார். ரிஸ்னா குசினிக்குள் போய்க் கத்தியோடு வந்தாள்.

கயிறு அறுந்ததும் பதாகை ஒரு பக்கம் தொங்கி, என் முகம் தரையைப் பார்த்தது. மற்றப் பக்கத்தையும் அறுத்தோம். பஸ்ஸுக்கு நின்றவர்களில் இரண்டு பேர் வந்து சுருட்ட உதவினார்கள். மரக்கறிப் பைக்காரர் தன் பையைக் கட்டியிருந்த சணல் கயிற்றை அவிழ்த்துத் தந்தார். சுருட்டிக் கட்டிய பதாகை ஒரு ஆள் நீளம் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு திருகோணமலை பஸ்ஸில் ஏறினோம். கொண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் முகம் அப்படி இருந்திருக்கும்.

"எங்களிட்ட இருக்கிறதை"

அன்றைக்கு முதல் தடவையாகச் செருப்பைக் கழற்றாமல் அந்தப் படிக்கட்டில் ஏறினேன்.

முகாமையாளரின் மேசைக்கு முன்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா இருந்தார், புதிதாகச் சேர வந்தவர். மேசையில் பதாகையைப் போட்டோம். தேநீர்க் கோப்பை சரிந்தது.

"என்ன இது? இது எங்கட சொத்து!" என்று எழும்பினார் அவர்.

"முகம் எங்கட," என்றாள் ரிஸ்னா.

"பதிவுக்கெண்டு எடுத்த படம்," என்றேன் நான். "எந்தக் கப்பல்ல நான் வேலை சேர்? சொல்லுங்கோ. நாளைக்குப் போறன்."

"தங்கச்சி, விளம்பரம் எண்டா கொஞ்சம் அப்பிடி இப்பிடித்தான்..."

"உங்கட படிப்பை நம்பிக் கீறி, அண்டைக்கு ஒரு படகு கரையில நிண்டது. எல்லாருக்கும் முன்னால ஏச்சு வாங்கினனான். சேர வந்த அண்டைக்கு உங்களிட்டச் சொன்னனான், இரும்புத் தகடு எண்டு. சொன்னனானா இல்லையா?"

"சொன்னனீங்கள். ஆனா..."

"பிறகு ஏன் என்னைச் சோபா வைக்க விட்டனீங்கள்?"

அவர் ரையைச் சரிசெய்தார். பிறகு, எனக்கு இன்றுவரை மறக்காத நேர்மையோடு சொன்னார்: "தங்கச்சி, நாங்கள் எங்களிட்ட இருக்கிறதைத்தான் படிப்பிக்கலாம். எங்களிட்ட இன்டீரியர்தான் இருக்கு."

"அதை அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே! எங்களிட்ட இல்ல, வேற இடத்தில கேளுங்கோ எண்டு. ஒரு வசனம்தானே!"

என் குரல் உடைந்து பெரிதாக வந்தது. வகுப்பறைக் கதவு திறந்து பிள்ளைகள் எட்டிப்பார்த்தார்கள். அந்த இளம் ஆசிரியரும் அவர்களோடு நின்றார்.

நான் கதிரையில் இருந்த அக்காவிடம் திரும்பினேன்.

"அக்கா, நீங்கள் என்ன செய்யப் போறீங்கள்?"

அவர் திடுக்கிட்டார். "நான் பள்ளிக்கூட யூனிபோர்ம் தைக்கிறனான். துணி வெட்டிற அளவுகளைக் கொம்பியூட்டர்ல கீறி வைக்கலாம் எண்டு ஆரோ சொல்லிச்சினம்..."

"இவர் உங்களுக்கு என்ன படிக்கச் சொன்னவர்?"

அக்கா முகாமையாளரைப் பார்த்தார். "இன்டீரியர்."

ரிஸ்னா சிரித்தாள். அந்தச் சிரிப்பு கேட்க நன்றாக இருக்கவில்லை. அக்கா மெதுவாக எழும்பி, கைப்பையை எடுத்து, படிக்கட்டால் இறங்கிப் போனார். நாங்களும் இறங்கினோம். கட்டணத்தை அவர் திருப்பித் தரவில்லை. பதாகைகளை மட்டும் எல்லா இடத்திலும் இறக்கிவிட்டார்கள்.

கீழே தெருவில் மான்கள் நின்றன. எங்கள் நகரில் மான்கள் மாடுகளைப்போலத் திரியும். ஒன்று யாரோ எறிந்த வாழைப்பழத்தோலை மென்றுகொண்டு என்னையே பார்த்தது. அதற்கும் ஏசினேன்.

ஒரே தகடு

கோபத்தில் ஒரு பிரயோசனம் இருக்கிறது. வெட்கத்தை அது தின்றுவிடும்.

வெட்கம் போனதும் நேரே ருவனிடம் போய்க் கேட்டேன். அவன் பாவிக்கும் மென்பொருள் விலை கூடியது, எனக்குக் கிட்டப் போக ஏலாது. ஆனால் அதே வகையில் இலவசமாக ஃப்ரீகாட் என்று ஒன்று இருக்கிறது என்றான். முதலில் கரடுமுரடாக இருக்கும், பழகப் பழகச் சரிவரும், என் பழைய மடிக்கணினியிலும் ஓடும் என்றான். கந்தளாய்க்கு எடுத்து, உங்கள் மெஷின் எந்த வகைக் கோப்பைத் திறக்கும் என்று சுனிலிடம் கேட்டேன். அதையும் இதற்கு முன் நான் கேட்டதில்லை, எனக்கு யாரும் கேட்கச் சொன்னதுமில்லை. ஃப்ரீகாட்டில் இருந்து அனுப்பினால் அவருடைய மெஷின் திறந்தது.

ரிஸ்னாவின் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் பழகிப் பார்த்தோம். நான் என் தாங்கியை எடுத்தேன், அவள் தன் கூடப்பிறந்த ராத்தாவின் வீட்டை எடுத்தாள். கிடைத்த மென்பொருளையெல்லாம் இறக்கி, ஒவ்வொன்றிலும் அதே பொருளைச் செய்து பார்த்தோம். சிலதில் அவளுக்குக் கை ஓடியது, எனக்கு ஓடவில்லை. ஃப்ரீகாட்டில் மூழ்கி எனக்குத் தூக்கம் மறந்தது, அவளுக்கு விசர் வந்தது.

"ஒரு சுவரைக் கட்ட இவ்வளவு கதையா? நான் மேசனைக் கூப்பிட்டாலே கட்டிருப்பான்!"

அவளுடைய வரைபடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் சபையில் இருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள். அவர்கள் கேட்பது ஓட்டோகாட் படம். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள், இந்தத் தடவை சோபா இல்லாமல். குழி, வடிகால், எல்லைக் கல் எல்லாம் வைத்து. அவளுக்கு அது சரி. எனக்கு மற்றது சரி. அவ்வளவுதான் விசயம். இதைச் சொல்ல ஒரு குளிரூட்டி அறையும் ரையும் தேவையில்லை.

ருவன் ஒரு வருடம் இருந்தான். பிறகு எல்லாரையும்போல அவனும் வெளிநாடு போனான். முதலாளி அன்ரன் என் மேசைக்கு வந்து நின்றார்.

"இப்ப கீறுவியோ?"

"கீறுவன். ஆனா கணக்குக்கு வேற ஆளைப் பாருங்கோ."

இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்க்கலாமே என்று இழுத்தார். பார்க்கலாம், ஆனால் பார்க்க மாட்டேன் என்றேன். எல்லாருக்கும் முன்னால்தான் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை

அண்மையில் அந்த முகாமையாளர் எனக்கு எடுத்தார். குரல் தேன்.

"பழசை விடுவம் தங்கச்சி. மெஷின் பாகங்கள் கீறுறதுக்கும் ஒரு கோர்ஸ் துவங்கிறம். நீங்கள் எங்கட பழைய மாணவி. வந்து படிப்பியுங்கோவன்."

"வாற ஆக்களிட்ட என்ன செய்யப் போறீங்கள் எண்டு ஆர் கேப்பினம்?"

"அது கவுண்டர்ல இருக்கிற பிள்ளை பாக்கும்."

"பாத்து எந்த வகுப்புக்கு அனுப்பும்?"

அவர் யோசிக்கவே இல்லை. "எதில இடம் இருக்கோ அதுக்கு."

ஏலாது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். ரிஸ்னாவிடம் சொன்னபோது, சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என்னை ஏசினாள்.

"ஏலாதெண்டு வெச்சா முடிஞ்சிதா? நாளைக்கும் ஆக்கள் அந்தப் படியிலதான் ஏறுவாங்க. வேற எங்க போறது அவங்க?"

அதனால்தான் இந்தச் சனிக்கிழமை ஏற்பாடு. அவளுடைய முன்னறையில் இரண்டு கதிரை, ஒரு மேசை, எங்கள் இரண்டு மடிக்கணினிகள். என்ன படிப்பது என்று தெரியாதவர்கள் வந்து கேட்கலாம். அவளுடைய மச்சானின் கடையில் ஒரு அறிவித்தல் துண்டு ஒட்டினோம். படம் எதுவும் போடவில்லை.

முதலாவதாக வந்தவர் சல்லியைச் சேர்ந்த ஒரு ஐயா. கருவாடு போடுபவர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சேட்டில் கருவாட்டு மணம், முகத்தில் வேர்வை.

"எந்த சொஃப்ட்வெயார் படிக்க வேணும்? சொல்லுங்கோ."

"இருங்கோ ஐயா," என்றாள் ரிஸ்னா. "என்ன செய்யப் போறீங்க?"

கருவாடு காயவைக்கும் தட்டு. கம்பியும் பலகையும். மகன் கனடாவில் இருந்து சொன்னானாம், எதையும் கணினியில் கீறித்தான் செய்யவேண்டும் என்று. எத்தனை தட்டு என்று கேட்டோம். ஒன்றுதான். யார் செய்வது? அவரே.

நானும் ரிஸ்னாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"ஐயா, உங்களுக்கு ஒண்டும் படிக்கத் தேவையில்ல," என்றேன். "ஒரு பென்சிலும் அடிமட்டமும் காணும்."

அவருக்கு வந்ததே கோபம். "இதைக் கேக்கவோ நான் சல்லியில இருந்து வந்தனான்? தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லுங்கோ!"

ரிஸ்னா ஒரு தாளை இழுத்து, அவரிடம் நீளம் அகலம் கேட்டுக் கேட்டுக் கீறினாள். முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டு. தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். நன்றி என்றும் சொல்லவில்லை. புறுபுறுத்துக்கொண்டே படலையைத் திறந்து வெளியே போனார்.

"பாத்தியா," என்றாள் ரிஸ்னா, "சும்மா செய்து குடுத்தாலும் ஏச்சு."

தெருவில் கொஞ்சத் தூரம் போனவர் நின்றார். திரும்பிக் கத்தினார்.

"பிள்ளை! நாய் எட்டாத உயரத்தில வேணும்! அதைச் சொல்ல மறந்திட்டன்!"

ரிஸ்னா செருப்பும் போடாமல் பென்சிலோடு ஓடினாள். மதிலில் தாளை வைத்து அவர் பிடித்துக்கொள்ள, நாய் எவ்வளவு உயரம் பாயும் என்று இரண்டு பேரும் கையால் காட்டிக் காட்டிச் சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.